கத்தும் பூனையும் கத்தாத பூனையும்: வீட்டுப் பூனையின் பசியறிந்து உணவளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் பூனைக்குத் தீனி கிடைப்பது பெரிய காரியமில்லை. காசிமேட்டிலிருந்து காலையில் மீன்கூடைகள் வந்து இறங்கும் ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில், மீன் ஆய்ந்து ஒதுக்கும் செவுளும் குடலும் நாலைந்து பூனைகளின் வயிற்றை நிரப்பிவிடும். வீட்டில் வளரும் பூனைக்கோ குரல் கொடுத்தால் போதும், தட்டு நிறைகிறது. இப்படியே பழகி, கத்தினால் பசி, கத்தாவிட்டால் வயிறு நிறைந்திருக்கிறது என்று நம்மில் பலர் முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டுமே தவறான முடிவுகள். நாள் முழுவதும் கேட்டுக் கேட்டுத் தின்று பருத்துப்போன பூனைக்குத் தொல்லை மெல்ல வரும். இரண்டு நாளாகக் கட்டிலுக்கு அடியில் சத்தமின்றிப் படுத்திருக்கும் பூனைக்கு இன்றே உதவி தேவை. குரலை மட்டும் கேட்காமல் பூனையை முழுதாகக் கவனிக்கப் பழகுவதற்கான வழி இது.

படி 1: பூனையின் வயிற்றைப் புரிந்துகொள்ளுங்கள்

பூனை இறைச்சி தின்றே வாழவேண்டிய உயிர். நாயைப் போலச் சோறும் கறியும் கலந்து உண்டு சமாளிக்க அதன் உடல் அமையவில்லை. டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் அதற்குக் கிடைக்கிறது. அது குறைந்தால் இதயத் தசை தளரும், கண்பார்வை கெடும். இனிப்புச் சுவையை அதன் நாக்கு அறியாது.

எலி வேட்டையாடி வாழும் பூனை ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்பதில்லை. ஓர் எலியில் சுமார் 30 கலோரிதான் இருக்கிறது. ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கலோரி தேவை. கணக்கிட்டுப் பாருங்கள், ஏழெட்டு முறையாவது வேட்டையாட வேண்டும். உங்கள் பூனை அடிக்கடி வந்து கேட்பது பேராசை அல்ல, அதன் இயல்பு. விடியற்காலையும் அந்தி நேரமும்தான் அது சுறுசுறுப்பாக இருக்கும் பொழுது. நாலரை மணிக்கு உங்கள் முகத்தை நக்கி எழுப்புவதும் அதனால்தான்.

படி 2: பசியின் அடையாளங்களைப் பழகுங்கள்

வளர்ந்த பூனைகள் தமக்குள் ‘மியாவ்’ என்று பேசிக்கொள்வது மிக அரிது. அந்தக் குரல் பெரும்பாலும் மனிதர்களுக்கானது. எந்தக் குரலுக்கு எந்த மனிதர் எழுந்து வருவார் என்பதை ஒவ்வொரு பூனையும் தனியாகக் கற்றுக்கொள்கிறது. ஆகவே அடுத்த வீட்டுப் பூனையின் பசிக்குரலை அளவுகோலாக வைத்து உங்கள் பூனையை மதிப்பிட முடியாது.

குரலைவிட நம்பத்தக்கவை உடலசைவுகள். பசித்த பூனை உங்களைத் தட்டு இருக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்லும்: நாலடி முன்னே நடக்கும், நின்று திரும்பிப் பார்க்கும், நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்ததும் மறுபடி நடக்கும். வெறுந்தட்டை நக்கும். தட்டைச் சுற்றித் தரையை முகரும். உதட்டை நக்கிக்கொண்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்து கண் எடுக்காமல் பார்க்கும். சமையல் மேடையில் ஏறும், குப்பைக்கூடையைக் கிளறும், உங்கள் கையிலிருப்பதை முன்னங்காலால் தட்டும். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து, வழக்கமான உணவு நேரத்தை ஒட்டி வந்தால், பசி என்றே கொள்ளலாம்.

பசியின்போது பூனை எழுப்பும் ‘குர்குர்’ ஒலியில் ஒரு நுட்பம் உண்டு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் மெக்கோம்ப் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், உணவு கேட்கும் பூனையின் ‘குர்குர்’ ஒலிக்குள் குழந்தையின் அழுகையை ஒத்த உயர்ந்த சுருதி கலந்திருப்பதைக் கண்டார்கள். பூனை வளர்த்துப் பழக்கமில்லாதவர்களுக்குக்கூட அந்த ஒலி அவசரமாகவே பட்டது. அதைக் கேட்டும் எழாமல் உட்கார்ந்திருப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஏமாற்றும் அடையாளங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் வேலையிலிருந்து வந்தவுடன் வாலை நட்டு வைத்துக் காலில் உரசுவது வரவேற்பு. தன் வாசனையை உங்கள்மேல் பூசுகிறது, அவ்வளவுதான். கருத்தடை செய்யாத பெட்டைப் பூனை இரவெல்லாம் நீளமாக ஓலமிட்டு, தரையில் புரண்டு, பின்பக்கத்தைத் தூக்கினால் அது இணை தேடும் பருவம். அந்த நாட்களில் பல வீடுகளில் பாவம் பசிக்கிறது என்று மீன்மேல் மீனாக வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பூனை தொடுவதில்லை. தீர்வு கருத்தடை அறுவை சிகிச்சை. பத்து வயதைத் தாண்டிய பூனை நள்ளிரவில் காரணமின்றிக் கத்தினால், அதற்குப் பின்னால் நோய் இருக்கக்கூடும்.

படி 3: பத்து நிமிடச் சோதனை

பூனை கேட்கிறது, ஆனால் உணவு நேரம் இல்லை. அப்போது உடனே டப்பாவைத் திறக்காதீர்கள். முதலில் ஒரு கயிற்றையோ துணிப்பந்தையோ வைத்து ஐந்து நிமிடம் விளையாடுங்கள். பொழுது போகாமல் வந்த பூனை விளையாடிவிட்டுப் படுத்துவிடும். கயிற்றை விளையாடி முடித்ததும் எடுத்து வைத்துவிட வேண்டும், தனியே விட்டால் விழுங்கிவிடும்.

விளையாட்டை விட்டுவிட்டு மறுபடி தட்டருகே போகிறதா? அப்படியானால் அன்றாடம் தின்னும் சாதாரண உணவில் ஒரு பிடி மட்டும் வையுங்கள். மீனும் வேண்டாம், ஈரலும் வேண்டாம். தலை நிமிராமல் தின்று தட்டை நக்கினால் உண்மையான பசி. முகர்ந்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால், அதற்கு வேண்டியது ருசி. அதற்கு இரங்கி மீனை எடுத்து வைத்தால், நாளை முதல் சாதாரண உணவைத் தொடாது.

முகர்ந்துவிட்டு விலகி, உதட்டை நக்கி, எச்சில் ஒழுக நின்றால் அது ருசிப் பிரச்சினை இல்லை. குமட்டலாக இருக்கலாம். படி 7-க்குப் போங்கள்.

படி 4: தெருவே சேர்ந்து எவ்வளவு போடுகிறது என்று கணக்கெடுங்கள்

இது வடசென்னையில் பூனை வளர்ப்பவர்கள் தவிர்க்கவே கூடாத படி. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை போன்ற பகுதிகளின் குடியிருப்புகளில் ஒரு பூனைக்கு ஒரு வீடு என்ற கணக்கு கிடையாது. உங்கள் வீட்டில் காலையில் தின்னும். மாடிவீட்டு ஆயா பால்சோறு வைப்பார். எதிர்வீட்டுப் பிள்ளைகள் பிஸ்கட் போடுவார்கள். மாலையில் மீன்காரம்மாவிடம் தலை ஒன்று கிடைக்கும். இத்தனைக்கும் பிறகு வீட்டுக்கு வந்து, காலையிலிருந்து எதுவுமே கிடைக்காத தோரணையில் கத்தும். நீங்களும் நம்புவீர்கள்.

அக்கம்பக்கத்தில் பேசுங்கள். “ஆயா, நீங்கள் ஆசையாக வைப்பது தெரியும். பாலுக்குப் பதில் நான் தரும் உணவில் ஒரு கைப்பிடி வையுங்கள்” என்று சொல்லிச் சின்ன டப்பாவில் கொடுத்துவிட்டால், அவருக்கும் மனம் நோகாது, கணக்கும் உங்கள் கையில் இருக்கும். முற்றிலும் நிறுத்தச் சொல்வதைவிட இதுவே நடக்கக்கூடியது.

பிறகு கையால் சோதியுங்கள். பூனை நிற்கும்போது இரு கைகளையும் விலாப்பக்கம் வைத்து மென்மையாகத் தடவுங்கள். உங்கள் புறங்கையை நீட்டித் தடவினால் எலும்புகள் எப்படித் தட்டுப்படுமோ, அந்த அளவில் விலா எலும்புகள் தட்டுப்பட்டால் சரியான உடல்வாகு. மூடிய முஷ்டியின் மொளிகளைப் போல் துருத்தினால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவதுபோல் அழுத்தினால்தான் எலும்பே தெரிகிறது என்றால் பருமன். வயிற்றுக்கடியில் பின்னங்கால்களுக்கிடையே தொங்கும் தோல்பையைக் கண்டு கொழுப்பு என்று முடிவு செய்யாதீர்கள், பல பூனைகளுக்கு அது இயல்பாகவே இருக்கும்.

மாதம் ஒருமுறை எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, பிறகு தனியாக நின்று, கழித்துக்கொண்டால் போதும். ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால், மருத்துவரிடம் போகும் நாளில் அந்த ஒரு பக்கம் மிகவும் உதவும்.

படி 5: அளவும் நேரமும்

பாக்கெட்டில் வரும் உலர் உணவில் 100 கிராமுக்குப் பொதுவாக 350 முதல் 400 கலோரி இருக்கும். வேறு எதுவும் தராவிட்டால், 4 கிலோ பூனைக்கு நாளுக்குச் சுமார் 60 கிராம். பாக்கெட்டின் பின்புற அட்டவணையைப் பார்த்து, சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, அந்த அளவுக்கு ஒரு கப்பில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணளவு நாளாக நாளாகக் கூடிக்கொண்டே போகும். தின்பண்டமாகத் தருவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியானால் சுமார் 15 கிராம், இரண்டு சின்னத் துண்டு.

கருத்தடைக்குப் பிறகு தேவை ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது, பசி மட்டும் கூடுகிறது. அறுவை சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பூனைகள் பருப்பது இதனால்தான். தையல் ஆறியதும் அளவைச் சிறுகச் சிறுகக் குறையுங்கள். ஏற்கெனவே பருத்துவிட்ட பூனையைப் பட்டினி போட்டு மெலியவைப்பது ஆபத்து. வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது.

வளர்ந்த பூனைக்கு ஒரு நாளின் அளவை மூன்று நான்காகப் பிரித்துக் கொடுங்கள். கடைசி வேளை, இரவு நீங்கள் படுக்கும் முன், சற்று விளையாடிய பிறகு இருக்கட்டும். தின்ற பூனை தன்னைச் சுத்தம் செய்துகொண்டு தூங்கும். விடியற்காலையில் எழுப்பினால் எழுந்து உணவு வைக்காதீர்கள். ஒருநாள் வைத்தால்கூட, கத்தினால் கிடைக்கும் என்ற பாடம் உறுதிப்பட்டுவிடும். நீங்கள் வழக்கமாக எழும் நேரத்துக்கு அரை மணி கழித்து வைப்பது, எழுவதற்கும் தட்டு நிறைவதற்கும் உள்ள தொடர்பை அறுத்துவிடும்.

மே மாத வெயிலில் பகலில் குறைவாகத் தின்று இரவில் தின்பது இயல்புதான். ஓட்டுவீட்டிலும் தகரக் கூரையின் கீழும் இருப்பவர்கள் பெரிய வேளையை இரவுக்கு மாற்றுங்கள். ஈரமான உணவு அரை மணிக்கு மேல் தட்டில் கிடந்தால் எடுத்துவிடுங்கள், அந்தச் சூட்டில் அது விரைவில் கெட்டுப்போகும். வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீரை உணவுத்தட்டிலிருந்து தள்ளி வேறு மூலையில் வைத்தால் கூடுதலாகக் குடிக்கும்.

குட்டிகளின் கணக்கு வேறு. எடைக்கு எடை பார்த்தால் வளர்ந்த பூனையைவிட இரண்டு மடங்குக்கு மேல் தேவை. நான்கு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை. குட்டி கேட்டால் கொடுங்கள், படி 3-இன் சோதனை அதற்கு வேண்டாம். தாயில்லாமல் கண்டெடுத்த நான்கு வாரத்துக்குட்பட்ட குட்டிக்குப் பசும்பால் ஒத்துவராது. பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவை வெதுவெதுப்பாகக் கரைத்து, தொடக்கத்தில் இரண்டு மூன்று மணிக்கொருமுறை, இரவிலும் ஊட்ட வேண்டும். குட்டியை மல்லாத்திப் பிடிக்காமல் வயிறு கீழே இருக்கும்படி பிடியுங்கள். உடல் குளிர்ந்திருந்தால் முதலில் துணியில் சுற்றிச் சூடேற்றிய பிறகே பால். வயிறு நிறைந்த குட்டி தூங்கும். ஓயாமல் கத்தும் குட்டி பசியிலோ குளிரிலோ இருக்கிறது. பாலூட்டும் தாய்ப்பூனைக்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும். அதற்கு மட்டும் தட்டு எப்போதும் நிறைந்திருக்கலாம்.

படி 6: தட்டில் என்ன வைப்பது, குறிப்பாக மீன்

நம் ஊரில் பூனை என்றாலே மீன். நெத்திலி, மத்தி, காரப்பொடி என்று மலிவாகக் கிடைக்கும்போது மனம் வராமல் இருக்குமா? கொடுக்கலாம். ஆனால் பச்சையாக வேண்டாம். பல மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. பச்சை மீனே தினசரி உணவானால் பூனைக்குத் தள்ளாட்டமும் வலிப்பும் வரக்கூடும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும். உப்பு, மிளகாய் எதுவும் சேர்க்காமல் தண்ணீரில் வேகவைத்து, முள் நீக்கி, வேகவைத்த நீரோடு சேர்த்தே வையுங்கள். டாரின் அந்த நீரில் இறங்கியிருக்கும், கீழே கொட்டக் கூடாது. மத்தி போன்ற எண்ணெய் மீனை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் உடலில் ஈ வைட்டமின் குறைந்து கொழுப்புத் திசுவில் வீக்கமும் வலியும் வரும். வாரத்தில் இரண்டு நாள் மீன், மற்ற நாட்களில் பூனைகளுக்கென்றே தயாரித்த சமச்சீர் உணவு என்பதே என் பரிந்துரை.

மீன்குழம்பில் பிசைந்த சோறு கண்டிப்பாக வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கின்றன. குழம்பில் கரைந்துபோன வெங்காயமும் அதே கேட்டைச் செய்யும். கருவாட்டில் உப்பு அதிகம். சமைத்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்தும். கோழி ஈரல் எப்போதாவது ஒரு துண்டு போதும், அன்றாடம் தந்தால் ஏ வைட்டமின் மிகுந்து எலும்பைக் கெடுக்கும். பால், காலங்காலமாகப் பூனையோடு சேர்த்தே நாம் நினைக்கும் பொருள், பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கில் முடியும். சௌகார்பேட்டைப் பக்கம் வீட்டில் அசைவம் சமைக்காதவர்கள் தயிர்சோற்றில் பூனை வளர்க்க முயல வேண்டாம். பாக்கெட் உணவு அவர்களுக்கு நல்ல வழி.

இனி, மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. காசிமேட்டில் வரத்து குறைகிறது, விலை ஏறுகிறது. நாட்டுப்படகு மீன் மட்டுமே சந்தைக்கு வருகிறது. ஆண்டு முழுவதும் மீனையே தின்ற பூனைக்குத் திடீரென்று உலர் உணவை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசித்தால் தானே தின்னும் என்று விட்டுவிடும் வீடுகள் பல. பூனை விஷயத்தில் அப்படிக் காத்திருக்கக் கூடாது, காரணம் அடுத்த படியில் இருக்கிறது. மார்ச் மாதக் கடைசியிலேயே மாற்றத்தைத் தொடங்குங்கள். வழக்கமான மீனில் கால் பங்கைக் குறைத்துப் புதிய உணவைக் கலந்து, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பங்கைக் கூட்டி, பத்து நாளில் முழுமையாக மாற்றுங்கள். மீன் வேகவைத்த நீரை உலர் உணவின்மேல் தெளித்தால் வாசனைக்காகவே தின்னத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் ஒருவார உணவைக் கையிருப்பில் வையுங்கள். தெருவில் தண்ணீர் நிற்கும் நாளில் கடைக்குப் போக முடியாது.

படி 7: கத்தாத பூனை

வளர்ந்த பூனை 24 மணி நேரம் எதுவும் தின்னாவிட்டால் மருத்துவரை அழையுங்கள். குட்டியானால் அரைநாள்கூடக் காத்திருக்கக் கூடாது. உணவு நின்றதும் பூனையின் உடல் சேமித்த கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்புகிறது. அவ்வளவு கொழுப்பைப் பூனையின் ஈரலால் கையாள முடியாமல், அது அங்கேயே தேங்குகிறது. இரண்டு மூன்று நாளில் இது தொடங்கிவிடலாம். கொழுத்த பூனைக்கே ஆபத்து மிக அதிகம். உடம்பில் சேமிப்பு இருக்கிறது, தாங்கும் என்ற எண்ணம் தலைகீழானது.

தின்ன விருப்பமில்லாத பூனையையும், விரும்பியும் தின்ன முடியாத பூனையையும் பிரித்துப் பாருங்கள். பல்வலியுள்ள பூனை தட்டுக்கு விரைந்து வரும். தலையை ஒருபக்கம் சாய்த்து ஒரு துண்டைக் கவ்வும். மெல்லத் தொடங்கியதும் வாயிலிருந்து நழுவவிடும், முன்னங்காலால் கன்னத்தைத் துடைக்கும், பின்வாங்கித் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்கும். சற்று நேரத்தில் மறுபடி வரும். பார்க்கவே மனம் பதறும் காட்சி அது. அந்தப் பூனைக்குப் பசி கொல்கிறது. கூழாக்கிய உணவு வைத்துவிட்டு, மறுநாளே பல்லைக் காட்டுங்கள். சளி பிடித்த பூனைக்கு மூக்கடைத்து வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் தின்னாது. உணவை உடல்சூட்டுக்குச் சற்றே சூடாக்கி, மூக்கை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வையுங்கள்.

நம் பகுதிக்கென்று ஓர் எச்சரிக்கை. வலை பின்னும் தெருக்களில் மீன் வாசனையோடு கிடக்கும் தூண்டில் நரம்பையும் முள்ளையும் பூனைகள் விழுங்கிவிடுகின்றன. வாயிலோ ஆசனவாயிலோ நரம்பு நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், குடல் அறுபடும். அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஆண் பூனை தின்னாமல், மணல் தட்டில் போய்ப் போய் முக்கி, சிறுநீர் வராமல் தவித்தால் அன்றைய இரவுக்குள்ளேயே சிகிச்சை வேண்டும். காய்ச்சலோ என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு, ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும்.

படி 8: எவ்வளவு தின்றும் தேறாத பூனை

இளம் பூனையானால் முதலில் குடற்புழு. மலத்திலோ வாலடியிலோ உலர்ந்த அரிசி அளவில் வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் நாடாப்புழு. தெள்ளுப்பூச்சி மூலம் வருவதால் அதையும் சேர்த்தே ஒழிக்க வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பூனை அதிகம் தின்று, அமைதியிழந்து, மெலிந்துகொண்டே போனால் தைராய்டு சுரப்பு மிகுந்திருக்கலாம். தண்ணீரும் சிறுநீரும் கூடினால் சர்க்கரை நோயைச் சந்தேகிக்கலாம், தைராய்டிலும் சிறுநீரக நோயிலும்கூட இப்படி ஆகும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஸ்டீராய்டு மருந்து தின்னும் பூனைக்கும் பசி கூடும், ஆனால் அது பொதுவாக மெலியாது.

படி 9: மருத்துவரிடம் போகும்போது

பக்கத்துத் தனியார் மருத்துவமனை இல்லாவிட்டால், 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறாதீர்கள். ஹாரன் சத்தத்தில் மிரண்டு குதித்துவிடும். மூடியுள்ள கூடையில், உங்கள் பழைய துணியை விரித்து உட்காரவைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்துங்கள். நாய்கள் நிற்கும் வரிசையில் அந்தத் துண்டு மிகவும் உதவும்.

கடைசியாக எப்போது, எதை, எவ்வளவு தின்றது, தண்ணீர் குடிக்கிறதா, வாந்தி உண்டா, கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது, தெருவில் யார் என்ன வைத்தார்கள் என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள். எடை எழுதிய நோட்டு, தின்னும் உணவுப் பாக்கெட்டின் புகைப்படம், பல்வலி என்று நினைத்தால் அது தின்ன முயலும்போது எடுத்த வீடியோ ஆகியவையும் வேண்டும். மருத்துவமனை மேசையில் பூனை எதையும் வாயில் வைக்காது, அந்த வீடியோ இல்லாமல் மருத்துவர் அதைப் பார்க்க வழியில்லை. அன்று காலை எடுத்த மலத்தைச் சிறு டப்பாவில் மூடிக் கொண்டுபோனால் புழுப் பரிசோதனைக்கு இன்னொரு முறை அலைய வேண்டியிருக்காது.